தண்ணீர் வருகிறதா? ஆம்

கண் பரிசோதனைக்குப் போகச் சொல்லி வந்த கடிதத்தை அவள் வேன் நிறுத்துமிடத்தில் நின்றபடியே படித்தாள். படித்தது சரிதானா என்று சந்தேகம் வந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“ஓட்டுநரின் பார்வைத் திறன் குறித்து ஐயம் எழுந்துள்ளதால், கண் மருத்துவரின் சான்றுடன் வரும் வியாழனன்று விசாரணைக்கு வர வேண்டும். அதுவரை வாகனம் ஓட்டக் கூடாது. தவறு ஓட்டுநருடையது என உறுதியானால் அவர் நிரந்தரமாக வாயில் பதிவுப் பணிக்கு மாற்றப்படுவார்.”

வாயில் பதிவு என்பது ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களின் பெயரை எழுதுவது. முதுகு போனவர்களையும் முழங்கால் போனவர்களையும் அங்கேதான் போடுவார்கள்.

“ஐயம் எழுந்துச்சாம்,” என்றாள் சத்தமாக. கேட்க யாருமில்லை. “ஏழு மாசமா நான் எழுந்து நின்னு கத்தினேனே, அப்பல்லாம் இவங்க ஐயம் எங்க படுத்துத் தூங்கிச்சாம்?”

கத்தியது உண்மைதான். அந்த ஆஸ்பத்திரிக்கு ஆறு வேன்கள். வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டியவர்களை வீட்டிலிருந்து அழைத்து வந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது அவற்றின் வேலை. ஆறாம் நம்பர் அவளுடையது. ஏழு மாதத்துக்கு முன்னால் ஆறு வேன்களையும் ஒரே வாரத்தில் பெயின்ட் அடிக்கக் கொண்டுபோனார்கள். பச்சைக் கோடும் பளபளப்புமாகப் புதுப்பெண் மாதிரி திரும்பி வந்தன. மறுநாள் காலையில் முன் கண்ணாடியில் தூசி படிந்திருக்கிறதே என்று வைப்பர் கைப்பிடியை இழுத்தாள். மோட்டார் உர்ரென்றது. கண்ணாடியில் ஒரு பொட்டுத் தண்ணீர் விழவில்லை. பானெட்டின் மேல் இருக்கும் இரண்டு நாசில்களிலிருந்தும் தண்ணீர் என்னவோ நன்றாகத்தான் பீச்சியது. ஒன்று இடப்பக்கம் போய்ச் சுவரைக் குளிப்பாட்டியது, இன்னொன்று வலப்பக்கம் போய் மருந்துப் பெட்டி தூக்கிப் போனவரைக் குளிப்பாட்டியது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் மட்டும் கர்ரக் கர்ரக்கென்று தேய்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே குறை நோட்டில் எழுதினாள். “முன் கண்ணாடியில் தண்ணீர் விழவில்லை. தயவுசெய்து பார்க்கவும்.” மாலையில் அதன் கீழே ஒர்க்ஷாப் ஃபோர்மேனின் கோழிக்கிறுக்கல் இருந்தது: “சரி பார்க்கப்பட்டது.”

எப்படிச் சரி பார்த்தார் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒர்க்ஷாப்பில் ஒரு படிவம் உண்டு. இருபத்து நான்கு கேள்விகள். விளக்கு எரிகிறதா? ஹாரன் ஒலிக்கிறதா? முன் கண்ணாடிக்குத் தண்ணீர் வருகிறதா? ஃபோர்மேன் நிற்கிற வண்டியில் உட்கார்ந்து கைப்பிடியை இழுப்பார். எங்கேயோ தண்ணீர் தெறிக்கும். ‘ஆம்’ என்று டிக் அடிப்பார். எங்கே விழுகிறது என்று படிவம் கேட்கவில்லை. படிவம் கேட்காததை அவரும் கேட்கவில்லை.

“வரலைன்னா சொல்லும்மா, பாக்கறேன். வருதே!”

“வருது சார். கண்ணாடிக்கு வரலை.”

“தண்ணி வரணும்னுதான் போட்டிருக்கு. இந்தா, பாரு, பதினேழாவது கேள்வி.”

அவள் விடவில்லை. நோட்டில் அவளுடைய கையெழுத்து மாதத்துக்கு மாதம் பெரிதானது. நான்காவது முறை: “தண்ணீர் இன்று நடந்துபோன ஒருவர் மேல் விழுந்தது. அவர் என்னைச் சொன்னதை இந்த நோட்டில் எழுத முடியாது.” ஏழாவது முறை: “வண்டிக்கு இரண்டு பக்கமும் செடி வைத்தால் நன்றாக வளரும்.” எல்லாவற்றுக்கும் கீழே அதே கோழிக்கிறுக்கல். ஒரே ஒரு தடவை ஃபோர்மேனுக்கே மனசு கேட்காமல் ஒரு கம்பியை நாசில் ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தார். அன்றிலிருந்து வலப்பக்கத் தண்ணீர் கூரையைத் தாண்டிப் பின்னால் வருகிறவன் தலையில் விழ ஆரம்பித்தது.

“இப்ப மேலயும் போகுது சார்.”

“கூரை சுத்தமாகட்டும், விடு. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். மத்த அஞ்சு வண்டியிலயும் ஒருத்தன் வாயத் திறக்கல. உனக்கு மட்டும் எப்படிம்மா தினம் ஒரு குறை?”

“மேடை கோணலாத்தான் இருக்கு சார். நீங்க ஏறி ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்களேன்.”

ஒர்க்ஷாப்பே சிரித்தது. அவளுக்குப் ‘புகார்ப்பெட்டி’ என்ற பெயர் வந்தது அன்றைக்குத்தான். மற்ற ஐந்து டிரைவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். “புகார்ப்பெட்டி வந்தாச்சா? இன்னிக்கு என்ன தபால்?”

தானே சரி செய்திருக்கலாமே என்றால், ஒர்க்ஷாப் சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. ‘ஓட்டுநர்கள் வாகனத்தில் பழுது பார்க்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை.’ தொட்டியில் தண்ணீர் ஊற்றலாம். அந்தத் தண்ணீர் போகிற வழியில் கை வைக்கக் கூடாது. ஊற்றுவது அவள் பொறுப்பு, அது உருப்படியாகப் போய்ச் சேருவது யார் பொறுப்பு என்று எந்தப் பலகையிலும் இல்லை.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. முந்தின நாள் முழுக்க மழை. காலையில் வெயில் சாய்வாக அடித்தது. வேனில் நான்கு பேர். பின்னால் மூவர் தூங்கி வழிய, முன் இருக்கையில் தையல்காரர். மூன்று வருஷமாக அந்த இருக்கை அவருக்குத்தான். சட்டைக் காலரின் உள்பக்கம் எப்போதும் நாலைந்து குண்டூசி குத்தியிருக்கும். கடைக்குப் போகாத நாளிலும் அவை இல்லாவிட்டால் கழுத்து காலியாக இருக்கிறது என்பார்.

எதிரே வந்த மணல் லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சேறு ஒரு போர்வை போல வந்து முன் கண்ணாடியில் அப்பிக்கொண்டது. அவள் கைப்பிடியை இழுத்தாள். இடப்பக்கத் தண்ணீர் பக்கக் கண்ணாடியைக் கழுவியது. வலப்பக்கத் தண்ணீர் ஆகாயத்துக்குப் போனது. நடுவில் வைப்பர், சுவருக்குச் சாந்து பூசுகிற மாதிரி, சேற்றை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிதானமாகப் பூசிவிட்டது.

ஒன்றும் தெரியவில்லை. அவள் பக்க ஜன்னலில் தலையை வெளியே நீட்டி, வேகத்தைக் குறைத்து, ஹாரனில் கையை வைத்தபடி வண்டியை ஓரம் கட்டினாள். நிற்கப் போகிற சமயத்தில் ஒரு விளக்குக் கம்பம் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டது. தையல்காரரின் நெற்றி முன்னால் போய் மோதியது.

“அண்ணே! அண்ணே, பாருங்க என்னை. அடி பலமா?”

“மண்டைக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. உள்ள ஏதாவது இருந்தாத்தானே கலங்கறதுக்கு.”

நெற்றியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். அவள் இறங்கிக் குடிக்கிற தண்ணீரை ஊற்றிக் கண்ணாடியைக் கழுவி, நான்கு பேரையும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, தானே போய் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். ஃபோர்மேன் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: “வாகனத்தில் குறை இல்லை. தண்ணீர் வருகிறது.” அவர் வரியை நம்பினார்கள். அதன் பலன்தான் இந்தக் கடிதம்.

கையில் கடிதத்தோடு வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அவளுக்கு உள்ளே கொதித்தது. மரியாதைக் குறைவை அவள் பார்க்காதவள் இல்லை. பதினாறு வருஷம் இதே ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில், ஆள் உயர மெஷினுக்கு முன்னால் நின்று போர்வை மடித்தவள். ஆனால் இது வேறு. கண் தெரியாமல் வண்டி ஓட்டுகிறாய் என்று சொல்ல இந்த உலகத்தில் வேறு வீடே கிடைக்கவில்லையா?

அவள் கணவன் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. வண்டியை விடு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் வந்து, சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, “எதிர்ல வர்ற விளக்கு ஒண்ணா ரெண்டான்னு தெரியல. இனிமே நான் தொடமாட்டேன்” என்றார். மறுநாளே வேலையை விட்டார். அப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்க முடியாமல், காதாலேயே சொல்லிக் கொடுத்தார். “கியர் அழுது, கேக்கலையா? தட்டிக் கொடுத்துப் போடு.” உரிமம் மூன்றாவது முறைதான் கிடைத்தது. அதற்கப்புறம் ஒன்பது வருஷம், ஒரு கீறல் இல்லை. பார்வை போனால் சாவியைத் தானே கீழே வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் புதிதாகச் சொல்லித் தர வேண்டிய பாடம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் அவருக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். அவர் கையை நீட்டித் தாளை வாங்கித் தடவிப் பார்த்தார்.

“கண்ணு போனது எனக்கு. கடுதாசி உனக்கா? விலாசம் தப்பி வந்திருக்கும்.”

“சிரிக்காதீங்க. நான் டெஸ்ட்டுக்குப் போகமாட்டேன். போனா நானே ஒத்துக்கிட்ட மாதிரி.”

“போ. ஏழு மாசம் உன் கோவத்தை நோட்டுல எழுதினே, எவனும் படிக்கல. டாக்டர் கையெழுத்துன்னா படிப்பான்.”

போனாள். எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடுமாறாமல் படித்தாள். “அதுக்குக் கீழயும் பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கு டாக்டர். அச்சடிச்ச கம்பெனி விலாசம். அதையும் படிக்கவா?” என்றாள். டாக்டர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை மாடியில் மேனேஜர் அறை. வெள்ளைச் சட்டை மேனேஜர், பக்கத்தில் குறை நோட்டோடு ஃபோர்மேன், சாட்சியாக நெற்றியில் பிளாஸ்திரியோடு தையல்காரர். மேனேஜர் சான்றைப் படித்தார். தலையை ஆட்டினார்.

“பார்வை நல்லா இருக்கு. சந்தோஷம். அப்போ இது கவனக்குறைவுதான்.”

அவளுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

“இருங்க சார். கண்ணு தெரியலைன்னாலும் எனக்கு வாசல் நாற்காலி, கண்ணு தெரிஞ்சாலும் எனக்கு வாசல் நாற்காலியா? இது எந்த ஊரு நியாயம்? இந்த நோட்டைத் தொறந்து பாத்தீங்களா? பதினோரு தடவை எழுதியிருக்கேன்.”

“பதினோரு தடவையும் சரி பார்த்ததா ஃபோர்மேன் எழுதியிருக்காரே.”

“அதைத்தான் சார் நானும் சொல்றேன்! கீழ வாங்க. வண்டி அங்கதான் நிக்குது. அது பொய் சொல்லாது.”

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். தையல்காரர் எழுந்து நின்றார். “எனக்கு மூணு மணிக்கு மெஷின்ல படுக்கணும் சார். நீங்க இறங்கறதுக்குள்ள எனக்கு ரத்தம் கெட்டுரும்போல இருக்கு.” அந்தப் பேச்சுக்கு அப்புறம் உட்கார்ந்திருக்க மேனேஜருக்கு மனம் வரவில்லை.

கீழே வந்ததும் அவள் யாருக்கும் காத்திருக்கவில்லை. ஒர்க்ஷாப் ஓரத்துக் குழியிலிருந்து இரண்டு கை நிறையச் சேற்றை அள்ளி, ஆறாம் நம்பர் வேனின் முன் கண்ணாடியில் அப்பினாள். இன்னொரு தடவை அள்ளி அப்பினாள். பிறகு முழங்கை வரை சேறு வழிய, ஃபோர்மேன் பக்கம் திரும்பினாள்.

“ஏறுங்க சார். ஒரே ஒரு தடவை இதைக் கழுவிக் காட்டுங்க. கழுவிட்டீங்கன்னா நானே போய் வாசல் நாற்காலியில உக்காந்துக்கறேன். யாரும் கடுதாசி தர வேண்டாம்.”

டிரைவர்கள், துப்புரவுப் பெண்கள், மருந்துப் பெட்டிக்காரர் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஃபோர்மேனுக்கு ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. மேனேஜர் விசாரணைக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வேனின் இடப்பக்கம் போய் நின்றார். அங்கே நிற்காதீர்கள் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

மோட்டார் உர்ரென்றது. இடப்பக்கத் தண்ணீர் குறி தவறாமல் வெள்ளைச் சட்டையில் கழுத்திலிருந்து வயிறு வரை இறங்கியது. வலப்பக்கத் தண்ணீர் கூரைக்கு மேல் வளைந்து மறைந்தது. வைப்பர் சேற்றை அரைவட்டமாகப் பூசியது. உள்ளே இருந்த ஃபோர்மேனுக்கு வெளியே யாரும் தெரியவில்லை. அவர் உரக்கக் கேட்டார்:

“என்ன, தண்ணி வருதா?”

கூட்டத்தில் சிலர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேனேஜர் கோப்பிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தார்.

“வருதுய்யா,” என்றார்.

அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. சிரிப்பில் கலந்துகொள்ளாத ஒரே ஆள் அவள். இதுவரை சிரித்தது போதாதா என்று இருந்தது. இவர்களுக்கு வேடிக்கை. அன்று அந்தக் கம்பத்துக்குப் பதில் ஒரு மனுஷன் நின்றிருந்தால்?

தையல்காரரும் சிரிக்கவில்லை. அவர் பானெட்டுக்கு நேர் எதிரே நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, இரண்டு நாசில்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அளவெடுக்கிற பார்வை.

“தங்கச்சி, இதுல இடது வலது உண்டா?”

“தெரியலண்ணே. ஏன்?”

“சட்டைக்குக் கை தைக்கறப்ப இடது கையைக் கொண்டுபோய் வலது பக்கம் வச்சுட்டா, சட்டை பாக்க நல்லாத்தான் இருக்கும். போட்டா ரெண்டு கையும் பின்னாடி இழுக்கும். கத்துக்குட்டிங்க எல்லாரும் ஒரு தடவை பண்ற தப்பு. இது ரெண்டும் உள்பக்கம் பாக்காம வெளிப்பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது பாரு. பெயின்ட் அடிச்சவன் கழட்டினப்ப மாத்தி வச்சுட்டான்.”

அவள் குனிந்து இரண்டு நாசில்களையும் பார்த்தாள். ஏழு மாதம். பதினோரு தடவை. ஒரு கண் டாக்டர். எல்லாம் இதற்காகவா? பானெட்டைத் தூக்கினாள்.

“ஏய், தொடாதே!” ஃபோர்மேன் இறங்கி ஓடி வந்தார். “போர்டு தெரியல?”

“நல்லாத் தெரியுது சார். சர்டிபிகேட்டே வாங்கியிருக்கேன்.”

அடியிலிருந்து குழாய்களை உருவினாள். பக்கவாட்டில் நெருக்கி அழுத்தியதும் நாசில் மேலே துள்ளி வந்துவிட்டது. இரண்டையும் இடம் மாற்றிச் செருகிக் குழாயை மாட்டினாள். தையல்காரர் காலரிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து நீட்டினார். ஓட்டைக்குள் இருந்த சின்ன உருண்டையை அதன் நுனியால் நெம்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இரண்டு தாரையும் கண்ணாடியின் மேல் பாதியில் விழும்படி வைத்தாள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

“உயரமா விழுதே,” என்றார் ஃபோர்மேன். விட்டுக்கொடுக்க மனமில்லை அவருக்கு.

“நிக்கறப்ப உயரமாத்தான் விழணும். ஓடறப்ப காத்து அமுக்கிக் கீழ இறக்கிடும். உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் வண்டியை ஓடவிட்டுப் பாத்ததே இல்லையே.”

கைப்பிடியை இழுத்தாள். சேறு வழிந்து இறங்கியது. வைப்பர் இரண்டு வீச்சு வீசியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது, சிரிப்பில்லாமல்.

மேனேஜர் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார். “சரிம்மா, முடிஞ்சு போச்சு. சாவியை எடுத்துக்கிட்டு வேலையைப் பாருங்க.”

“முடியல சார். கடுதாசி எழுத்துல வந்துச்சு. முடிவும் எழுத்துல வரணும். இந்த நோட்டுலயே எழுதட்டும், நீங்க கையெழுத்துப் போடுங்க.”

ஃபோர்மேன் நோட்டை விரித்துப் பழக்கதோஷத்தில் எழுதினார்: “சரி செய்யப்பட்டது.” அவள் நோட்டைத் திருப்பி அவரிடமே கொடுத்தாள்.

“என்ன கெட்டிருந்துச்சு, யார் கெடுத்தது, யார் சரி செஞ்சது? முழுசா எழுதுங்க. எனக்கு நேரம் இருக்கு. அண்ணனுக்குத்தான் இல்ல.”

தையல்காரர் உதவியாகக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஃபோர்மேன் எழுதினார். இந்த முறை எழுத்து புரிந்தது. “நாசில்கள் இடம் மாறி இருந்தன. ஒர்க்ஷாப் கவனிக்கவில்லை. ஓட்டுநர் சரி செய்தார்.” மேனேஜர் ஈரக்கையால் கையெழுத்திட்டு, அதன் கீழே விசாரணை ரத்து என்றும் எழுதினார். அவள் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். வீட்டில் படித்துக்காட்ட வேண்டியது.

சாவியை எடுத்துக்கொண்டு வேனைச் சுற்றி வந்தபோதுதான் மூன்றாம் நம்பர் குண்டு டிரைவர் குறுக்கே வந்து நின்றார். பின்னால் மற்ற நால்வர். யாரும் புகார்ப்பெட்டி என்று கூப்பிடவில்லை.

“அக்கா, கையோட எங்க வண்டியையும் கொஞ்சம் பாத்துடுங்களேன்.”

“உங்க வண்டிக்கு என்ன?”

“அதேதான்க்கா. எங்களுதும் ரெண்டு பக்கமும்தான் போகுது.”

அவள் குண்டு டிரைவரின் வண்டிக் கதவைத் திறந்து பார்த்தாள். இருக்கைக்கு அடியில் ஒரு தண்ணீர் பாட்டில், மேலே மடித்து வைத்த பழைய துண்டு. அடுத்த வண்டியில் பார்த்தாள். அங்கேயும் ஒரு பாட்டில், ஒரு துண்டு. ஐந்து வண்டியிலும்.

“ஏழு மாசமாவா?”

“நாங்க இறங்கித் துடைச்சுக்குவோம்க்கா. எதுக்கு வம்புன்னு...”

ஃபோர்மேன் மேல் வந்த கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த ஆளாவது படிவத்தை நம்பினார். இவர்கள் கண்ணால் கண்டார்கள், துண்டால் துடைத்தார்கள், அப்புறம் வந்து அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ‘மத்த அஞ்சு வண்டியிலயும் ஒருத்தன் வாயத் திறக்கல’ என்று ஃபோர்மேன் சொன்னபோது ஐந்து பேரும் பக்கத்தில்தான் நின்றார்கள். ஒரே ஒரு வாய் திறந்திருந்தால் அந்தக் கம்பமும் இல்லை, இந்த வியாழக்கிழமையும் இல்லை.

அவள் கை குண்டூசியைக் கேட்டுத் தையல்காரர் பக்கம் நீண்டது. பாதி வழியில் நிறுத்திக்கொண்டாள். நோட்டை எடுத்துக் குண்டு டிரைவரின் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

“மொதல்ல இதுல எழுது. அஞ்சு பேரும் எழுதுங்க. எழுதினதுக்கப்புறம் வந்து கேளுங்க.”

“என்னன்னுக்கா எழுதறது?”

“தண்ணி வருதுன்னு எழுது. எங்க வருதுன்னும் எழுது.”

தையல்காரர் முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார். மூன்று மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. டயாலிசிஸ் பிரிவு வளாகத்தின் அந்தக் கோடியில். அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு திரும்பும்போது, ஒரே ஒரு பேனாவுக்காக ஐந்து பேர் மூன்றாம் நம்பர் வேனின் பானெட்டைச் சுற்றி நிற்பது தெரிந்தது. குண்டு டிரைவர் அந்தப் பேனாவின் முனையை நாக்கில் தொட்டு வைத்துக்கொண்டு, முதல் வார்த்தை எதுவென்று யோசித்துக்கொண்டிருந்தார்.